முதலில் தாளை வெட்டுங்கள்: பேட்டர்னை உங்கள் உடம்புக்கு மாற்றும் முறை

கடையில் தொங்கும் சட்டைகளில் (பாவாடையும் சேர்ந்த கவுன்களைச் சொல்கிறேன்) எனக்குத் தோள் பொருந்தினால் மார்பு இறுக்கும். மார்பு பொருந்தினால் தோள் கைப்பக்கம் வழிந்து கிடக்கும். இடைத் தையல் எப்போதும் இடைக்குக் கீழேதான். தையற்காரரிடம் போனால் அளவுச் சட்டை ஒன்று கொண்டுவரச் சொல்வார். அளவுக்குக் கொடுக்கக்கூடிய சட்டை என்னிடம் இருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்?

ஆகவே வீட்டிலேயே தைக்கிறேன். திருகோணமலை உவர்மலையில் வீடு, பகலில் அலுவலகம், மாலையில் அம்மாவின் கால்மெஷின். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877 இல். அந்தக் கறுப்பு மெஷின் இன்னும் எத்தனையோ வீடுகளில் விரிப்புப் போர்த்தி, மேலே பூச்சாடி வைத்து, மேசையாக நின்றுகொண்டிருக்கிறது. விரிப்பை எடுத்துத் தூசி தட்டி எண்ணெய் விட்டால் பெரும்பாலும் ஓடும். அப்படி ஒரு மெஷினும் நேராகத் தையல் ஓட்டும் பழக்கமும் உள்ளவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தைக்கக் கற்றுத்தருவது என் நோக்கமன்று. துணியில் கத்தரி வைப்பதற்கு முன் பேட்டர்னில், அதாவது சட்டையின் துண்டுகளை வரைந்த தாளில், செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறேன். சட்டை பொருந்துமா பொருந்தாதா என்பது அந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

பேட்டர்ன் யாருக்காக வரையப்பட்டது

அளவு அளவாக வெட்டிய பேட்டர்ன் தாள்களை அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863 இல் விற்கத் தொடங்கினார். ஜெர்மனியின் புர்டா சஞ்சிகை 1950 இல் வந்தது. இன்று இணையத்தில் இறக்கி அச்சிடும் பேட்டர்ன்களில் பெரும்பாலானவையும் அதே வழியில் வந்தவைதான். எல்லாவற்றுக்கும் பின்னால் கற்பனையான ஒரு பெண் நிற்கிறாள். புர்டாவின் வழக்கமான அளவுகளில் அவள் உயரம் 168 செ.மீ. அமெரிக்கப் பேட்டர்ன்களில் 5 அடி 5 அங்குலம் முதல் 5 அடி 6 அங்குலம் வரை. உள்ளாடைக் கணக்கில் பி கப். நான் 5 அடி 1 அங்குலம். மார்பு கனத்தவள், மேற்கை பருத்தவள். அவளுக்கு வரைந்தது எனக்குப் பொருந்தாததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை அங்குலத்தில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் முயற்சிக்குப் பேட்டர்னைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். இடையில் குறுக்குத் தையல் உள்ளதாக, மார்புக்குப் பக்க டாட் (மேடு வருவதற்காகத் துணியை ஆப்புவடிவில் மடித்துத் தைக்கும் இடம்) உள்ளதாக, கை தனியாக வெட்டிப் பொருத்துவதாக, பாவாடைப் பகுதி கீழே மெல்ல விரிவதாக இருக்கட்டும். இடைத் தையல் இருந்தால் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். உடம்போடு கையும் சேர்த்து ஒரே துண்டாக வெட்டும் மாதிரிகள் பார்க்க எளிமையாகத் தெரியும். ஆனால் அவற்றில் ஓரிடத்தை மாற்றினால் மூன்று இடம் குழம்பும். அவை பிறகு.

இணையத்தில் வாங்கிய பேட்டர்னைக் கொமியூனிகேஷன் கடையில் அச்சிடக் கொடுத்தால், முதலில் சோதனைச் சதுரம் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தச் சதுரத்தை அளவுகோலால் அங்கேயே அளந்து பாருங்கள். பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கும் வசதி கணினியில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். 100 வீதத்தில் அச்சிடாவிட்டால் சட்டை முழுவதும் சிறுத்துவிடும், ஒட்டி முடித்தபின் அது கண்ணுக்கும் தெரியாது. தாள்களைத் தரையில் பரப்பி ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை.

மூலத்தாளை வெட்டாதீர்கள். கண்ணாடி யன்னலில் வைத்தோ, மேசையில் கார்பன் தாள் வைத்தோ பிரவுன் தாளில் பிரதியெடுங்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் அந்தப் பிரதியில்தான். இழைக்கோடு (துணியின் நெடுக்கு இழையோடு பொருந்த வேண்டிய கோடு), டாட் குறிகள், கூட்டவும் குறைக்கவும் போட்ட இரட்டைக் கோடு எல்லாவற்றையும் பிரதியில் ஏற்றுங்கள். அமெரிக்கக் கம்பனிப் பேட்டர்ன்களில் தையலுக்கான ஓரம், எட்டில் ஐந்து அங்குலம், சேர்ந்தே இருக்கும். புர்டா சஞ்சிகையில் இருக்காது, வெட்டும்போது நாம்தான் விட வேண்டும். இதைக் கவனிக்காதவர்களின் சட்டை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறுகும்.

அளவெடுத்தல்

சட்டைக்கு உள்ளே அணியப்போகும் உள்ளாடையோடு அளவெடுங்கள். இடையில் ஓர் இலாஸ்டிக் நாடாவைக் கட்டிப் பக்கவாட்டில் இரண்டு தடவை குனிந்து நிமிருங்கள். நாடா தானாகப் போய் நிற்கும் இடமே இடை. தொப்புளை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள்.

வேண்டியவை: அக்குளுக்கு அடியில், மார்பின் பருத்த பகுதிக்கு மேலாகச் சுற்றி எடுக்கும் மேல்மார்பு, முழுமார்பு, இடை, தையற்காரர்கள் சீட் என்று சொல்லும் பின்புறத்தின் அகன்ற சுற்று, கழுத்தின் பின்னால் குனியும்போது துருத்தும் எலும்பிலிருந்து இலாஸ்டிக் வரை முதுகு நீளம், தோளும் கழுத்தும் சேரும் இடத்திலிருந்து மார்பின் முனை வரை, மேற்கையின் பருத்த சுற்று. முதுகு நீளத்தை நாமே எடுக்க முடியாது. என் மச்சாள் வந்துதான் எடுக்கிறார். நாடாவை இறுக்கிப் பிடித்து அரை அங்குலம் இரக்கம் காட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. அந்த இரக்கம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

என் கணக்கையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். மேல்மார்பு 36, முழுமார்பு 40, இடை 34, சீட் 42, முதுகு நீளம் பதினைந்தரை, மேற்கை பதின்மூன்றரை.

எந்த அளவை வெட்டுவது

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். முழுமார்பு 40 என்றால் அட்டவணையில் 40 எங்கே என்று தேடி அந்த அளவை எடுப்பார்கள். அமெரிக்க அட்டவணையில் அது 18 ஆம் அளவு. அதை வெட்டினால் மார்பு கொள்ளும். ஆனால் கழுத்து அகன்று, தோள் இறங்கி, கைக்குழி தொங்கும். கழுத்தையும் தோளையும் திருத்துவது தையலிலேயே கடினமான வேலை. மார்பைக் கூட்டுவது அதைவிட எவ்வளவோ எளிது. எனவே தோளுக்குப் பொருந்தும் அளவை எடுத்துக்கொண்டு மார்பைக் கூட்டிக்கொள்வதே முறை.

தோளின் அளவைச் சொல்வது மேல்மார்பு. அட்டவணை கற்பனை செய்யும் பெண்ணுக்கு மேல்மார்புக்கும் முழுமார்புக்கும் வித்தியாசம் 2 அங்குலம். என் மேல்மார்பு 36. அதோடு 2 சேர்த்தால் 38. அட்டவணையில் மார்பு 38 என்பது 16 ஆம் அளவு. அந்த அளவின் இடை 30, சீட் 40, முதுகு நீளம் பதினாறே முக்கால். கடைச் சட்டையின் கழுத்தில் இருக்கும் எண்ணோடு இதை ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். பேட்டர்ன் எண்ணுக்கும் ஆயத்த ஆடை எண்ணுக்கும் உறவே இல்லை.

இப்போது என் பட்டியல் இப்படி வருகிறது: மார்பில் 2 அங்குலம் கூட்ட வேண்டும், இடையில் 4, சீட்டில் 2, முதுகு நீளத்தில் ஒன்றே கால் குறைக்க வேண்டும். உடம்பின் அளவு இல்லாமல் சட்டையின் முடிந்த அளவு பேட்டர்னில் தனியாக அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள். மார்பில் உடம்பைவிட மூன்று அங்குலமாவது தளர்வு இல்லாத சட்டையைச் சித்திரை, வைகாசியில் திருகோணமலையில் போட முடியாது. சூடான கச்சான் காற்று வரும்போது இன்னும் அதிகம் வேண்டும்.

நீளம் முதலில், அகலம் பிறகு

நீளத்தை மாற்றினால் இடை நிற்கும் இடம் மாறும். இடை மாறினால் அகலத்தைக் கூட்ட வேண்டிய இடமும் மாறும். அதனால் இந்த ஒழுங்கைக் கலைக்கக் கூடாது.

முன் துண்டிலும் பின் துண்டிலும் மார்புக்கும் இடைக்கும் நடுவே உள்ள இரட்டைக் கோட்டில் தாளை மடியுங்கள். ஒன்றே கால் அங்குலம் குறைக்க வேண்டுமென்றால் மடிப்பின் ஆழம் அதில் பாதிதான், எட்டில் ஐந்து. மடித்தபின் பக்கக் கோடு படிபோல் முறிந்து நிற்கும். மேலிருந்து கீழே அளவுகோல் வைத்து புதுக்கோடு போட்டு நேராக்குங்கள். தோளிலிருந்து மார்பு முனை வரையுள்ள தூரம் எனக்குப் பேட்டர்னில் உள்ளதுபோலவே இருப்பதால் முழுக் குறைப்பையும் மார்புக்குக் கீழே செய்கிறேன்.

சிலருக்கு மேலேயும் குறைக்க வேண்டியிருக்கும். அவர்கள் கைக்குழிக்குக் குறுக்காக மடிக்க வேண்டும். முன்னிலும் பின்னிலும் எவ்வளவு மடிக்கிறீர்களோ அவ்வளவு கைத்துண்டின் மேல்வளைவிலும் மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கை குழிக்குள் பொருந்தாது. இது தேவையா என்று எப்படித் தெரியும்? பேட்டர்னைப் பார்க்கத் தேவையில்லை, ஏற்கனவே உள்ள ஒரு சட்டையைப் போட்டுப் பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்குங்கள். முழுச் சட்டையும் கையோடு எழுந்தால் கைக்குழி தாழ்ந்திருக்கிறது. நம் ஊரில் கை தாராளமாக அசைய வேண்டும் என்று குழியைப் பெரிதாகத் தோண்டிக்கொண்டே போகிறார்கள். விளைவு நேர் எதிர். அக்குளுக்கு ஓர் அங்குலம் அளவில் கீழே நிற்கும் சிறிய குழியில்தான் கை சுதந்திரமாக உயரும், சட்டை இடையில் அப்படியே இருக்கும்.

மார்பு

இந்த ஒரு மாற்றத்தைக் கற்றுக்கொண்டால் மற்றவை தானாக வரும். அவசரப்படாமல் படியுங்கள், ஒரு பழைய தாளில் சிறிய மாதிரி வரைந்து கூடவே செய்துபாருங்கள்.

முதலில் மார்பு முனையைத் தாளில் குறியுங்கள். தோள்-கழுத்து மூலையிலிருந்து உங்கள் அளவை வையுங்கள். பிறகு தாளை உடம்பில் பிடித்துக் கண்ணாடியில் சரிபாருங்கள். பேட்டர்னின் டாட் இந்தப் புள்ளியை நோக்கிப் போக வேண்டும். போகவில்லையென்றால் டாட்டைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து வெட்டியெடுத்து, தேவையான அளவு கீழே நகர்த்தி ஒட்டுங்கள். இதை முதலில் முடித்துவிட வேண்டும்.

அடுத்து மூன்று கோடுகள். ஒன்று, முனையிலிருந்து கீழே இடை விளிம்பு வரை, நடு முன்கோட்டுக்குச் சமாந்தரமாக. இரண்டு, முனையிலிருந்து கைக்குழியின் கீழ் மூன்றிலொரு பங்கைத் தொடும்படி சாய்வாக. மூன்று, பக்க டாட்டின் நடுவே ஓடி முனையைச் சேர்வது.

இடை விளிம்பில் தொடங்கி முதல் கோட்டின் வழியே மேலே வெட்டி, முனையில் திரும்பி, இரண்டாவது கோட்டில் கைக்குழியின் தையல் கோடு வரை போங்கள். அங்கே நிறுத்துங்கள். வெளி ஓரத்திலிருந்தும் அதே இடத்தை நோக்கி ஒரு சிறு வெட்டு வையுங்கள். நடுவில் நூலளவு தாள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது கதவுக் கீல்போல் வேலை செய்யும். மூன்றாவது கோட்டைப் பக்க ஓரத்திலிருந்து முனைக்குச் சற்று முன் வரை வெட்டி அங்கேயும் ஒரு கீல் விடுங்கள்.

இப்போது பக்கத் துண்டை மெதுவாக வெளியே இழுங்கள். முதல் கோட்டின் இரண்டு ஓரங்களும் சமாந்தரமாக இருக்கட்டும், நடுவே இடைவெளி 1 அங்குலம். ஏன் 1? கூட்ட வேண்டியது 2. இந்தத் துண்டு பாதி முன்பக்கம்தான், துணியில் இரட்டையாக வெட்டப்படும். இந்தப் பாதியாக்கும் கணக்கை ஒவ்வொரு முறையும் சுவரில் எழுதி வைத்ததுபோல் நினைவில் வையுங்கள்.

இழுத்தவுடன் மூன்றாவது கோடு தானாக வாயைத் திறக்கும். டாட் பெரிதாகிவிட்டது. மார்புக்கு வேண்டிய மேடு அங்கிருந்துதான் வருகிறது. பக்கத் துண்டின் அடிவிளிம்பு நடுத்துண்டைவிடத் தாழ்ந்து நிற்பதையும் காண்பீர்கள். நடுத்துண்டில் முனைக்குக் கீழே ஒரு குறுக்கு வெட்டு வைத்து அந்தத் துண்டைக் கீழே இறக்கி இரண்டு விளிம்புகளையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் தாள் வைத்து எல்லா இடைவெளிகளையும் ஒட்டுங்கள். மார்பு பருத்தவர்களின் சட்டை முன்பக்கம் மேலேறி நிற்பதற்குக் காரணம் இந்த நீளம் இல்லாமையே. அகலத்தை மட்டும் கூட்டும் தையற்காரர்கள் இதைத் தருவதில்லை.

டாட்டைப் புதிதாக வரையுங்கள். அதன் நுனி மார்பு முனையைத் தொடக் கூடாது, ஓர் அங்குலம் முன்னால் நிற்க வேண்டும். தொட்டால் துணி கூராகத் துருத்திக்கொண்டு நிற்கும், பார்ப்பதற்கு நன்றாக இருக்காது. டாட்டின் வெளிவாயை முடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தைத்தபின் எப்படி மடியுமோ அப்படியே தாளில் டாட்டை மடித்து, பக்கக் கோட்டின் வழியே கத்தரியை ஓட்டுங்கள். விரித்துப் பார்த்தால் வாயில் கூரை முகடுபோல் ஒரு சிறு கோணம் வந்திருக்கும். அதைக் கணக்குப் போட்டு வரைய முயல்வது வீண்வேலை.

டாட்டை மூடிய நிலையில் முன் துண்டின் பக்கக் கோடும் பின் துண்டின் பக்கக் கோடும் ஒரே நீளமா என்று தாளோடு தாள் வைத்து நடத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் மார்பு முடிந்தது.

இடையும் சீட்டும்

இது வெறும் கூட்டல். இடையில் 4 வேண்டும். மார்பைத் திறந்தபோதே முன்பக்க இடையில் 2 வந்துவிட்டது. (இடை சிறுத்தவர்கள் அந்த 2 அங்குலத்தையும் இடை டாட்டில் பிடித்துவிட வேண்டும்.) மீதி 2 அங்குலத்தை நான்கு பக்க ஓரங்களுக்கும் பங்கிட்டால் தலைக்கு அரை. கைக்குழியின் அடியிலிருந்து இடையில் அரை அங்குலம் வெளியே போகும்படி சரிவாக ஒரு கோடு போதும்.

பாவாடைத் துண்டின் மேல்விளிம்பும் இதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. முன் மேற்பகுதி மொத்தம் 3 அங்குலம் அகன்றிருக்கிறது, பின் மேற்பகுதி 1 அங்குலம். எனவே முன் பாவாடையின் ஒவ்வொரு பக்க ஓரத்திலும் இடையில் ஒன்றரை, பின் பாவாடையில் அரை. அங்கிருந்து சீட் மட்டத்தில் எல்லா ஓரங்களும் அரை அங்குலம் வெளியே நிற்கும்படி வளைகோட்டால் இணையுங்கள். சீட்டில் வேண்டிய 2 அங்குலமும் இதில் வந்துவிடும்.

கை

மேற்கைக்கு இரண்டு அங்குலம் தளர்வு வேண்டும். எனக்குப் பதினைந்தரை, பேட்டர்னில் 14. குட்டைக் கைக்குச் செய்வது எளிது. கைத்துண்டின் நடுவே கீழ் விளிம்பிலிருந்து மேல்வளைவு வரை வெட்டி, உச்சியில் கீல் விட்டு, மேற்கை மட்டத்தில் வேண்டிய அளவு கிடைக்கும் வரை கீழே விரித்து ஒட்டுங்கள். மேல்வளைவின் நீளம் மாறாததால் கைக்குழியைத் தொட வேண்டியதில்லை.

நீளக் கைக்கு நெடுக்காகவும், மேற்கை மட்டத்தில் குறுக்காகவும் இரண்டு வெட்டு. நான்கு முனையிலும் கீல். நடுவில் பக்கவாட்டாக இழுத்தால் மேற்கை அகலும், மேலும் கீழும் தாள் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறும், வளைவு கொஞ்சம் தாழும். மணிக்கட்டின் அகலம் அப்படியே இருக்கும். கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் என் தோழி முழுக்கைச் சட்டைதான் போடுவார். அவருக்கு நான் செய்து கொடுத்த முறை இதுதான். முழுக்கையின் நீளத்தை எடுக்கும்போது முழங்கையை மடித்து, தோளிலிருந்து முழங்கையைச் சுற்றி மணிக்கட்டு வரை அளக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு அளந்தால் ஸ்கூட்டர் பிடியைப் பிடித்தவுடன் கை மேலே ஏறிவிடும்.

பழைய சாரம்

தாள் தயாரானதும் நல்ல துணிக்குப் போகாதீர்கள். ஒத்திகைக்கு மேற்பகுதியையும் ஒரு கையையும் மலிவுத் துணியில் தைத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் இதற்கென்று வெள்ளைத் துணி வாங்கச் சொல்வார்கள். நான் சொல்வேன், வீட்டில் கிழியப்போகும் பழைய கட்டம் போட்ட சாரம் ஒன்றை எடுங்கள். தையலைப் பிரித்தால் நல்ல நீளமான துணி. துவைத்துத் துவைத்து மெலிந்திருப்பதால் உடம்பில் உள்ளபடி விழும். எல்லாவற்றையும்விட முக்கியம் அந்தக் கட்டங்கள். வெள்ளைத் துணியில் தேடித்தேடிப் பார்க்க வேண்டிய பிழை கட்டத் துணியில் கோணிக்கொண்டு நிற்கும்.

நடு முன்கோடு ஒரு நெடுங்கோட்டின் மேலும், மார்பு மட்டம் ஒரு குறுக்குக் கோட்டின் மேலும் வரும்படி தாளை வைத்து வெட்டுங்கள். மெஷினில் மிக நீளமான தையல், நூல் வேறு நிறம், பிரிக்கச் சுலபம். சிப் வைக்க வேண்டாம், முதுகை ஊசி குத்தி மூட ஒருவர் இருந்தால் போதும். அணிந்ததும் நேராக நின்று, தொலைபேசியில் முன், பக்கம், பின் மூன்றையும் படமெடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினால் துணியும் திரும்பும்.

இனிக் கட்டத்தை வாசியுங்கள். மார்பு மட்டத்துக் குறுக்குக் கோடு தரைக்குச் சமாந்தரமாகச் சுற்றிவர வேண்டும். நடுவில் அது மேலே வளைந்து பக்கங்களில் சரிந்தால் மார்புக்கு இன்னும் இடம் வேண்டும் என்று பொருள். இழுத்த இடைவெளியை இன்னும் கால் அங்குலம் அகலமாக்குங்கள். மார்பின் குறுக்கே நேர்ச்சுருக்கங்கள் ஓடினாலும் அதே மருந்துதான். முதுகில் இடைக்கு மேலே கோடு கீழே தொய்ந்து ஒரு மடிப்புச் சேர்ந்திருந்தால் முதுகு நீளம் நடுவில் அதிகம். மடிப்பை ஊசியால் பிடித்து எவ்வளவு என்று அளந்து, பின் துண்டில் நடுமுதுகில் அந்த அளவும் பக்க ஓரத்தில் ஒன்றுமில்லாமலும் ஆப்புவடிவில் மடியுங்கள். நெடுங்கோடுகள் தோளிலிருந்து கையை நோக்கிச் சாய்ந்தால் தோள் சரிவைப் பாருங்கள். பொதுவாக ஒரு சட்டம் உண்டு: சுருக்கக் கோடு எந்த இடத்தை நோக்கி ஓடுகிறதோ அந்த இடத்தில்தான் துணி போதவில்லை. தொய்வு எங்கே சேருகிறதோ அங்கே துணி அதிகம்.

உட்காருங்கள். குனியுங்கள். கையைத் தூக்குங்கள். பிறகு பேனாவால் சாரத்தின்மேலேயே திருத்தங்களை எழுதி, கழற்றி, அவற்றைத் தாளுக்கு ஏற்றுங்கள். ஒரே ஒத்திகையில் மூன்று பிழைக்கு மேல் திருத்தாதீர்கள். ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று தானாகத் தீர்வதுண்டு.

இந்த ஊருக்குப் பொருந்த

அளவு பொருந்தினால் மட்டும் போதாது. கோணேசர் கோயிலுக்குச் சுவாமி மலை ஏறுகிறவர்களுக்குத் தெரியும், மேலே கடற்காற்று எந்தப் பாவாடையையும் விட்டுவைக்காது. மெல்லிய துணியில் அகல விரிந்த பாவாடை அங்கே வேண்டாம். பேட்டர்ன் பெரிய வட்டமாக விரிந்தால் ஒவ்வொரு பக்க ஓரத்திலும் கீழே இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். கீழ்மடிப்பை இரண்டரை அங்குலமாக வையுங்கள், அந்தப் பாரத்தில் துணி அடங்கும். ஆனால் ஸ்கூட்டரில் கால் வைக்க இடமில்லாமல் போகும் அளவுக்குக் குறைக்கவும் கூடாது. முழங்கால் மட்டத்தில் தாளின் மொத்தச் சுற்று எவ்வளவு என்று அளந்து, அதே சுற்றளவில் ஒரு நாடாவை முழங்காலில் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறிப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் பார்க்காத நேரமாக இருக்கட்டும்.

பை வையுங்கள். பேட்டர்னில் இல்லாவிட்டாலும் வையுங்கள். பக்கத் தையலில் இடைக்குக் கீழே இரண்டு அங்குலம் விட்டு ஆறு அங்குல வாய். பையின் மேல்விளிம்பை இடைத் தையலோடு சேர்த்துப் பிடித்துவிட்டால் தொலைபேசியின் பாரத்தில் பக்கம் தொங்காது. கோட்டை வாசல் மான்கள் கையில் எதைக் கண்டாலும் மூக்கை நீட்டிக்கொண்டு வரும், சட்டைப் பைக்கு இந்த ஊரில் அதுவும் ஒரு நியாயம்.

துணியைப் பற்றிச் சுருக்கமாக. மத்திய வீதிப் பக்கத்துப் புடவைக் கடைகளில் நான் பருத்தியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. ரேயன் அழகாக விழும், ஆனால் வெட்டும்போது மேசையில் நகர்ந்துகொண்டே இருக்கும். முதல் சட்டைக்கு வேண்டாம். கைத்தறி சற்றுத் தடித்தது, டாட்டை நன்றாகத் தாங்கும். உள்துணியும் பருத்தியாகவே இருக்கட்டும். 45 அங்குல அகலமா 60 அங்குலமா என்று கேட்டு, பேட்டர்ன் சொல்லும் நீளத்தோடு அரை மீற்றர் கூட்டி வாங்குங்கள். மார்பும் கையும் பெரிதாகிவிட்டதால் உறையில் அச்சிட்ட கணக்கு இனி உங்களுக்குப் பொருந்தாது. வெட்டுவதற்கு முன் துவைத்து, காயவைத்து, அயன் செய்யுங்கள். சுருங்க வேண்டியது தைப்பதற்கு முன்னரே சுருங்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கிய துணியென்றால் நன்றாகக் காயும் வரை காத்திருங்கள். ஈரப்பதம் உள்ள துணி வெட்டும்போது ஓர் அளவு, அயன் பட்டபின் வேறோர் அளவு.

தைத்து முடித்ததும் கீழ்மடிப்பை மட்டும் விட்டு, சட்டையை ஓர் இரவு கொழுவியில் தொங்கவிடுங்கள். விரிந்த பாவாடையின் பக்கங்கள் இறங்கி வரும். மறுநாள், வழக்கமாகப் போடும் செருப்போடு நின்று, இன்னொருவர் தரையிலிருந்து அளவுகோல் வைத்துச் சுற்றிவரக் குறிக்க வேண்டும். மார்பு பருத்தவர்களுக்கு முன்பக்கமும், சீட் பருத்தவர்களுக்குப் பின்பக்கமும் துணி கூடுதலாக ஏறும். ஆகவே விளிம்பை மடித்து அளக்காதீர்கள், தரையிலிருந்து மட்டும் அளங்கள்.

திருத்திய தாளை மடித்துப் போடாமல் சுருட்டி வையுங்கள். வெளியே திகதி, அன்றைய உங்கள் அளவுகள், எந்தத் துணியில் தைத்தீர்கள், எங்கே எவ்வளவு மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். முதுகு ஒன்றே கால் குறைவு, மார்பு 2 கூடுதல், மேற்கை ஒன்றரை கூடுதல் என்பது போன்ற என் பட்டியல் அதே கம்பனியின் அடுத்த பேட்டர்னிலும் கிட்டத்தட்ட அப்படியே வரும், ஒத்திகையில் பார்க்க வேண்டியது மிகக் குறைவு. வேறு கம்பனி என்றால் மறுபடியும் அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டும். இழுபடும் டீ-சேர்ட் துணிக்கு வரைந்த பேட்டர்னில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அவற்றில் தளர்வு மிகக் குறைவு, சிலவற்றில் உடம்பைவிடச் சிறியதாகவே வரைந்திருப்பார்கள்.